பசீலியோ லூயோவின் வலது கால்

அக்டோபர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. லீமாவின் மேல் வழக்கமான சாம்பல் வானம். மழை என்று எழுதினால் மிகை, ஈரமில்லை என்று எழுதினால் பிழை என்னும்படியான ஒரு தூறல். எங்கள் ஊரில் அதற்குக் குடை பிடிப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிடிக்காதவரின் தோளோ சற்று நேரத்தில் நனைந்துவிடும். அந்தத் தூறல்தான் பசீலியோ லூயோவின் காரின் மூக்கில் கட்டியிருந்த ஊதா நாடாவையும் நனைத்தது. நாடா நனைந்ததால் விளைந்தது என்ன என்பதைச் சொல்வதற்கு முன் பசீலியோ யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையெனில் அன்று எங்கள் புறநகரான வித்தார்த்தே முழுவதும் சிரித்த சிரிப்பின் நியாயம் விளங்காது.

பசீலியோ வித்தார்த்தேயில், நெசவாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். நான் பாடம் நடத்திய வகுப்பில் படித்தவர். கெட்டிக்காரர் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எழுவாயை எழுதிவிட்டு, பயனிலையை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நிறுத்திவிடும் பழக்கம் அவருக்குச் சிறுவயதிலேயே இருந்தது. படிப்பு முடிந்ததும் நகருக்குள் லா விக்தோரியா பகுதியில் மின்சாதனக் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மேற்பார்வையாளராக உயர்ந்தார். நாள்தோறும் காலையில் மத்திய நெடுஞ்சாலை வழியாக நகருக்குள் போவதும், மாலையில் அதே நெடுஞ்சாலை வழியாகத் திரும்புவதும் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதியாயின. அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது என்பது ஓட்டுவதன்று. நகர்வதும் நிற்பதுமாக, லாரிகளின் புகையை விழுங்கிக்கொண்டு பொழுது போக்குவது.

ஒன்றை மட்டும் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய காரை வைத்திருந்த காலத்தில் பசீலியோ அந்தச் சாலைக்கு ஏற்ற மனிதராகவே இருந்தார். மத்திய நெடுஞ்சாலையில் இரண்டு வண்டிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் எவருக்கும் சொந்தமன்று. முதலில் மூக்கை நுழைப்பவருக்கே சொந்தம். எனவே அறிவுள்ளவர்கள் வெற்றிடமே விடுவதில்லை. பசீலியோவின் பழைய கார், முன்வண்டியின் பின்புறத்தில் ஒட்டிய படம்போலப் போகும். பயணிகளை அடைத்துக்கொண்டு திரியும் கொம்பிப் பேருந்துகள்கூட அவரிடம் வாலாட்டியதில்லை. கிளட்சில் ஒரு கால், பிரேக்கில் ஒரு கால், ஹார்னில் உள்ளங்கை, வாயில் வசவு. இப்படி உடம்பு முழுவதும் வேலை செய்த காலம் அது.

பிறகு அவர் புதிய கார் வாங்கினார்.

அந்தக் காரின் பெருமையெல்லாம் ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பொத்தானில் அடங்கியிருந்தது. அதை அழுத்திவிட்டால், முன்னே போகும் வண்டி நகரும்போது இதுவும் நகரும்; அது நின்றால் இதுவும் நிற்கும்; இடையிலுள்ள தூரத்தைத் தானே காத்துக்கொள்ளும். மூக்கிலுள்ள நிறுவன முத்திரைக்குப் பின்னே ஒரு ராடார் ஒளிந்துகொண்டு முன்வண்டியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டுபவரின் கால் தரையில் ஓய்வெடுக்கலாம். நெடுநேரம் நின்றுவிட்டால் மட்டும் பொத்தானை மறுபடியும் ஒருமுறை தட்ட வேண்டும். விற்பனையாளர் இதைக் 'குரூஸ் கன்ட்ரோல்' என்றாராம். பசீலியோ 'என் டிரைவர்' என்றார்.

கார் வந்த அன்று அதை வாசலில் நிறுத்திவிட்டுத் தெருவிலுள்ள அனைவரையும் அழைத்துக் காட்டினார்.

"டீச்சர், காலால தொடவே வேண்டாம். அதுவா போகும், அதுவா நிக்கும்."

"அப்ப நீ எதுக்குப்பா உள்ள உக்காந்திருக்கே?"

"மேற்பார்வை பாக்கறேன், டீச்சர்."

அவர் மனைவி சொராய்தா கதவருகே நின்றிருந்தாள். "வீட்டுலயும் அதேதான் பண்றாரு," என்றாள்.

முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அந்தக் காரில் தேர்ந்தெடுக்கலாம். குறைந்த அளவும் உண்டு, மிகுந்த அளவும் உண்டு. பசீலியோ மிகுந்ததையே தேர்ந்தெடுத்தார். "கௌரவமான இடைவெளி" என்று அதற்குப் பெயரும் வைத்தார். மத்திய நெடுஞ்சாலையில் கௌரவமான இடைவெளி! ஒரு லாரி திரும்பி நிற்கும் அளவுக்கு இடம் விட்டுக்கொண்டு, அதை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பிய மனிதரைப் பற்றி வேறென்ன சொல்வது?

முதல் நாளே அந்த வெற்றிடத்தைச் சாலை முழுவதும் கண்டுகொண்டது. ஒரு கொம்பி நுழைந்தது. அதற்கு மரியாதை செய்து பசீலியோவின் கார் பின்தங்கி, புதிதாக ஓர் இடைவெளியை உண்டாக்கிற்று. அதற்குள் ஒரு மூன்று சக்கர மோட்டோ நுழைந்தது. கார் மறுபடியும் மரியாதை செய்தது. அதன் பின் ஒரு காய்கறி லாரி. நெரிசலில் எல்லா வண்டிகளும் முன்னே போயின. பசீலியோவின் வண்டி மட்டும், தானும் முன்னே போய்க்கொண்டே, எல்லாவற்றுக்கும் பின்னே போயிற்று.

கொம்பிகளின் வாசலில் தொங்கிக்கொண்டு ஆள் சேர்க்கும் நடத்துநர்களின் வாய்க்கு அவர் தீனியானார்.

"வாத்தியாரே, நன்றி. பின்னாடி எங்க மச்சான் ஒரு வண்டில வர்றான், அவனுக்கும் கொஞ்சம் எடம் விட்டுடுங்க."

"விடுவாரு, விடுவாரு. அந்த மனுசனுக்கு மனசு பெரிசு."

"மனசு இல்லடா, மூக்கு பெரிசு. அதான் தள்ளியே வர்றாரு."

நெரிசலில் வண்டிகளுக்கிடையே நடந்து காடை முட்டையும் வாழைக்காய் வறுவலும் விற்பவர்களும் விரைவில் கற்றுக்கொண்டார்கள். ஆள் குறுக்கே நின்றால் பசீலியோவின் கார் அசையாது. எனவே அதற்கு முன்னால் நின்றபடி நிதானமாகச் சில்லறை கொடுக்கலாம், கூடையை இறக்கி வைக்கலாம், தோளை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வறுவல்காரி அதன் முன்மூடியின் மேல் தட்டையே வைத்துவிட்டாள் என்று சொராய்தா சொன்னாள். உள்ளேயிருந்த கணவர் கோபித்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "பாத்தியா, எவ்ளோ பாதுகாப்பான வண்டின்னு எங்கிட்ட பெருமை பேசினாரு," என்றாள்.

இவ்வாறு அவருக்கு 'நீங்க-போங்க' என்ற பெயர் வந்தது. வித்தார்த்தேயிலிருந்து நகர் வரை நீங்க-போங்க பசீலியோவை அறியாத ஓட்டுநர் இல்லை என்றாயிற்று. கிடங்குக்குத் தாமதமாகப் போனார். வீட்டுக்குத் தாமதமாக வந்தார். கேட்டால், "டென்ஷன் இல்ல, டீச்சர், அதுதான் முக்கியம்," என்றார். முன்பு நெரிசலைத் திட்டிக்கொண்டு ஓட்டிய மனிதர், இப்போது நெரிசலைத் தன் காரின் திறமையைக் காட்டும் மேடையாக எண்ணத் தொடங்கினார். சாலை காலியாக இருந்தால் அவருக்குச் சலிப்பாக இருந்ததாம்.

இங்கே ஒரு சிறு செய்தியையும் குறிப்பிட வேண்டும். யாராவது குறுக்கே நுழையும்போதெல்லாம் அந்தக் கார் 'பீப்' என்று ஓர் ஒலி எழுப்பும். நுழைபவர்களுக்குக் குறைவில்லாததால் ஒலிக்கும் குறைவில்லை. முதலில் பசீலியோ ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு எப்போதாவது பார்த்தார். கடைசியில் அவருடைய காது அந்த ஒலியைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. எச்சரிக்கை செய்யும் கருவியை வாங்கி, எச்சரிக்கை கேளாத காதைப் பெற்றார்.

இதெல்லாம் வெறும் வேடிக்கையாகவே முடிந்திருக்கும், பசீலியோவுக்கு மணியின் மேல் ஆசை வராமல் இருந்திருந்தால்.

எங்கள் பங்குக் கோயிலில் அக்டோபர் மாதத்தில் அற்புதங்களின் ஆண்டவருடைய படத்தைச் சப்பரத்தில் ஏற்றித் தெருத்தெருவாகச் சுமந்து செல்வார்கள். ஊதா அங்கி அணிந்த ஆண்கள் தோள் கொடுப்பார்கள். சப்பரத்துக்கு முன்னே தூபப் பெண்கள் கையில் தணலேந்தி, படத்துக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடப்பார்கள். இவர்களுக்கும் சப்பரத்துக்கும் நடுவே மணிக்காரர் நிற்பார். அவர் இருமுறை மணியடித்தால் சப்பரம் எழும். ஒருமுறை அடித்தால் நிற்கும். பாட்டுக்கு நிற்க வேண்டும், பூமாரிக்கு நிற்க வேண்டும், நோயாளி இருக்கும் வீட்டின் முன் நிற்க வேண்டும். நின்று நின்று போகும் அந்தப் பயணத்தில், டன் கணக்கான கனத்துக்கும் தணலேந்திய பெண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்ணாலும் காலாலும் காப்பதுதான் மணிக்காரரின் வேலை.

தோன் என்று ஊரே மரியாதையோடு அழைக்கும் தெமெத்ரியோ அஸ்குர்ரா அந்த மணியை நெடுங்காலமாகக் கையில் வைத்திருந்தார். ஒரு காலத்தில் நெசவாலையில் கங்காணியாக இருந்தவர். வாழ்நாளில் எந்த வண்டியும் ஓட்டாதவர். பேச்சு மிகக் குறைவு. சுமக்கும்போது யாராவது அடி தவறிச் சப்பரம் ஆடினால் அவர் ஒருமுறை மணியடிப்பார். எல்லாம் நிற்கும். தவறியவரை எல்லார் முன்னிலையிலும் ஒரே கேள்வி கேட்பார்: "உன் கால் எங்க இருந்துச்சு?" எங்கே இருந்ததோ அதைச் சொல்ல வேண்டும், வேறெதுவும் சொல்லக் கூடாது. பூவின் மேல், குழியில், பக்கத்து ஆளின் செருப்பின் மேல் என்று சொன்னவர்கள் தொடர்ந்து சுமந்தார்கள். பசீலியோவின் மைத்துனர் அபெலார்தோ ஒருமுறை அந்தக் கேள்விக்கு விடையாக, மாநகராட்சி சாலை போட்ட விதத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினார். தோன் தெமெத்ரியோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கையில் தண்ணீர் வாளியைக் கொடுத்தார். அன்றிலிருந்து அபெலார்தோ தண்ணீர்தான் சுமக்கிறார்.

இப்போது தோன் தெமெத்ரியோவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மணி கைமாற வேண்டியிருந்தது. சப்பரத்தின் பின்புற இடது மூலையில் பல ஆண்டுகள் தோள் கொடுத்த பசீலியோ அதைக் கேட்டார். கேட்ட விதம்தான் நகைப்புக்குரியது. அவர் தன் தோளைச் சொல்லவில்லை, தன் காரைச் சொன்னார்.

"தூரம் வெச்சுப் போறது எப்பிடின்னு தினமும் பாத்துகிட்டிருக்கேன், தோன் தெமெத்ரியோ. எவ்ளோ கூட்டம்னாலும் ஒருத்தர் மேலயும் படாம போகும் என் வண்டி."

"நீயா ஓட்டறே?"

"நாந்தான். அதாவது... அது ஓட்டும். நான் பாத்துக்குவேன்."

முதியவர் ஒரு நிபந்தனை வைத்தார். "ஊர்வலத்தன்னிக்கு, நெசவாலைத் தெரு முழுசுக்கும் மணிய உன் கையில குடுக்கறேன். தூபப் பொண்ணுங்க மேல மோதாம கொண்டுவந்து சேத்தீன்னா, மணி உன் வீட்டுக்கு வரட்டும்."

பசீலியோ அன்று தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மணி கைக்கு வருமுன்பே கை ஆடிற்று. சொராய்தா அலமாரியின் மேல்தட்டை ஒழித்து, மணி வைப்பதற்கென்று ஒரு வெண்துணியும் விரித்துவிட்டாள். நாற்பதாண்டு ஆலையில் உழைத்த அவருடைய தந்தைக்குச் சப்பரத்தின் அருகில் நிற்கும் பேறுகூடக் கிடைக்கவில்லை. அதையும் பசீலியோ எல்லாரிடமும் சொன்னார். அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் பேசவில்லை.

அப்படியாக ஊர்வல நாளான அந்த ஞாயிறு வந்தது. சப்பரத்துக்கான பூக்களை நகரின் பூச்சந்தையிலிருந்து கொண்டுவரும் பொறுப்பைப் பசீலியோவே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டார். பூத் தேர்வுக்கு நான், தூக்குவதற்கு அபெலார்தோ, கணவரைக் கண்காணிக்கச் சொராய்தா. புறப்படும்போது பசீலியோ ஓர் ஊதா நாடாவைக் கொண்டுவந்தார். அக்டோபரில் லீமாவின் வண்டிகளெல்லாம் ஊதா நாடா கட்டிக்கொள்ளும். கண்ணாடியிலோ ஏரியலிலோ கட்டுவதுதான் வழக்கம். பசீலியோவின் நாடா கை அகலப் பட்டு. ஓரமெல்லாம் பொற்சரிகைக் குஞ்சம். அதைக் காரின் மூக்கில், முத்திரைக்கு நேர்மேலே, பெரிய பூப்போலக் கட்டினார்.

"கண்ணாடில கட்டுங்களேன், எல்லாரும் அங்கதான கட்டறாங்க," என்றாள் சொராய்தா.

"எல்லாரும் கட்டற எடத்துல கட்டறதுக்கு நான் எதுக்கு? ஆண்டவரோட நிறம் மொகத்துல இருக்கணும்."

போகும்போது ஒன்றும் நேரவில்லை. திரும்பும்போது தூறல் தன் வேலையைச் செய்திருந்தது. பட்டு நனைந்து கனத்தது. சரிகைக் குஞ்சம் அதை இழுத்தது. நாடாப் பூ மெல்ல மெல்லச் சரிந்து முத்திரையின் மேல் படிந்து ஒட்டிக்கொண்டது. இது அப்போது உள்ளேயிருந்த எங்களுக்குத் தெரியாது. பின்னிருக்கையில் பூக்கட்டுகளுக்கு நடுவே நானும் அபெலார்தோவும் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தோம். மத்திய நெடுஞ்சாலை, ஞாயிறு என்றும் பாராமல், நகர்ந்தும் நின்றும் எங்களை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது.

மேட்டின் நடுவே, பசீலியோவின் கௌரவமான இடைவெளிக்குள் ஒரு மோட்டோ நுழைந்தது. ஓட்டியவள் ரூபினா. ஆண்டுதோறும் கோயில் முற்றத்தில் துர்ரோன் விற்பவள். தேன்பாகு வழிய, வண்ண மிட்டாய் தூவிய அந்தப் பணியாரத்தைத் தட்டுத் தட்டாக அடுக்கி மோட்டோவின் பின்புறத்தில் ஏற்றியிருந்தாள். திரும்பிப் பார்த்து நன்றியாகக் கையசைத்தாள்.

எல்லாம் நின்றது. பசீலியோ பொத்தானைத் தட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். இடது கை மட்டும் ஸ்டியரிங்கில் இருந்தது.

"இப்ப பாருங்க, டீச்சர். அவ வண்டி கொஞ்சம் நகரும், நாமளும் நகருவோம். அவ நிப்பா, நாமளும் நிப்போம். நான் ஒண்ணுமே பண்ணல, பாத்துக்குங்க."

'பீப்' என்றது கார். அது குறுக்கே நுழைந்தவருக்காக எழும் ஒலியன்று. என் கண் தெரியவில்லை, இனி நீயே ஓட்டிக்கொள் என்று கார் கைவிரித்த ஒலி. திரையில் அப்படியே எழுத்திலும் வந்ததாகச் சொராய்தா பின்னர் சொன்னாள். பசீலியோவுக்கு அது எல்லாப் 'பீப்'களையும் போல ஒரு 'பீப்'. பிரேக்கை யாரும் மிதிக்காதபோது கிளட்ச் இல்லாத அந்த வகைக் கார் தானே மெல்ல ஊரும்; ஊர்ந்தது. ரூபினாவின் மோட்டோ நின்றது. நாங்கள் ஊர்ந்தோம்.

"ஏங்க," என்றாள் சொராய்தா.

"நிக்கும்."

"ஏங்க, முன்னால பாருங்க."

"நிக்கும்னு சொல்றேன்ல."

நடந்து செல்பவரின் வேகத்தில், முழு மரியாதையோடு, பசீலியோவின் கார் ரூபினாவின் மோட்டோவின் பின்னால் மோதிற்று. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, பாதித் துர்ரோன் சாலையிலும் மீதி காரின் முன்மூடியிலும் விழுந்தது. தேன்பாகு மூக்கின் வழியாக நிதானமாக வழிந்தது. வண்ண மிட்டாய்கள் நெடுஞ்சாலையில் உருண்டோடின. நின்றிருந்த கொம்பியிலிருந்து நடத்துநர் ஒருவர் குதித்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ரூபினா இறங்கிவந்தாள். இடுப்பில் கைவைத்து, காரையும் அதன் உரிமையாளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன மாமா, நீங்க போங்க, நீங்க போங்கன்னுதான ஊருக்கே வழி விடுவீங்க? இன்னிக்கு எங்கிட்ட மட்டும் என்ன அவசரம்?"

"இது நின்னிருக்கணும்," என்றார் பசீலியோ. தன் காரைப் பார்த்து, அது மறுமொழி சொல்லக் கடமைப்பட்டது போலச் சொன்னார். "இது நின்னிருக்கணுமே."

"நான் நின்னேனே. அதப் பாத்தீங்களா?"

சொராய்தா குனிந்து, குழந்தையின் கண்ணில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல, முத்திரையின் மேல் ஒட்டியிருந்த நனைந்த நாடாவைத் தூக்கினாள். கணவரைப் பார்த்தாள். நாடாவை அவிழ்த்து, பிழிந்து, கையில் சுற்றிக்கொண்டாள்.

அப்போது அபெலார்தோவின் மூளை வேலை செய்யத் தொடங்கிற்று. ரூபினா தட்டுகளை அடுக்கப் போனதும் அவர் பசீலியோவின் காதருகே வந்தார்.

"மச்சான், இது மேடு. அவ பிரேக்க விட்டுட்டா, வண்டி பின்னால உருண்டு நம்ம மேல வந்து விழுந்துச்சு. அவ்வளவுதான். வேற பேச்சே வேண்டாம். இந்தக் கதை மட்டும் தோன் தெமெத்ரியோ காதுக்கு வேற மாதிரி போச்சுன்னா, மணிய மறந்துடு."

பசீலியோ மறுக்கவில்லை. மீதி வழியில் அவர் தன் காலாலேயே ஓட்டினார். ஓட்டினார் என்று சொல்வதும் பெருந்தன்மைதான். இத்தனை மாதம் தரையில் கிடந்த வலது கால் எவ்வளவு அழுத்துவது என்பதையே மறந்திருந்தது. கார் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. பூக்கட்டுகள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலையாட்டின. உதடு அசைய அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "மேட்டுல அவ வண்டி பின்னால உருண்டு வந்து எங்க மேல மோதுச்சு." எழுவாயும் பயனிலையும் பொருந்த அவர் உருவாக்கிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அது பொய்யாக இருந்தது.

மோட்டோ இடுக்குகளில் நுழைந்துவிடும் என்பதால் ரூபினா எங்களுக்கு முன்பே கோயிலை அடைந்துவிட்டாள். முற்றத்தில் ஊதா அங்கி அணிந்தவர்கள் உடைந்த துர்ரோன் துண்டுகளைத் தின்றுகொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். தேன் வழிந்த மூக்கோடு கார் உள்ளே நுழைந்ததும் எழுந்த சிரிப்பு மணிக்கூண்டுப் புறாக்களைக் கிளப்பிவிட்டது.

"நீங்க-போங்க வந்துட்டாரு, எல்லாரும் ஓரமா நில்லுங்கப்பா."

"இன்னிக்கு 'நான்-வர்றேன்'னு பேரு மாத்திட்டாங்களாம்."

சப்பரம் தயாராக இருந்தது. தூபப் பெண்கள் தணலை ஊதிக்கொண்டிருந்தார்கள். தோன் தெமெத்ரியோ படியில் அமர்ந்திருந்தார். மணி அவருடைய மடியில் இருந்தது. யாரும் கேட்பதற்கு முன் அபெலார்தோ நடுவில் வந்து நின்றார்.

"தோன் தெமெத்ரியோ, நடந்தத நான் சொல்றேன். அந்த மேடு உங்களுக்குத் தெரியும். மாநகராட்சி அதை எப்பிடிப் போட்டிருக்குன்னும் தெரியும். இந்தப் பொண்ணு பிரேக் பிடிக்காம விட்டதுல வண்டி பின்னால உருண்டு..."

"நானா உருண்டேன்?" என்றாள் ரூபினா. "என் மோட்டோ பிரேக் பிடிச்சா சுவரு மாதிரி நிக்கும். கேளுங்க தோன் தெமெத்ரியோ, இந்த மனுசன் மொகத்தப் பின்னால திருப்பிகிட்டு டீச்சரோட கத பேசிகிட்டு வந்தாரு. நான் கண்ணாடில பாத்துகிட்டேதான் இருந்தேன்."

"ஒரு துர்ரோன்காரி பேச்சு..."

"ஆமா, துர்ரோன்காரிதான். தண்ணி வாளிக்காரரு பேசறப்ப நான் பேசக்கூடாதா?"

மறுபடியும் சிரிப்பு. அபெலார்தோ முகம் சிவந்து, இத்தகைய பொறுப்பில்லாதவளுக்குக் கோயில் முற்றத்தில் இனிமேல் கடைபோட இடம் தரலாகாது என்றும் சேர்த்துக்கொண்டார். ரூபினாவின் முகம் மாறிற்று. அக்டோபர் மாதம் முழுவதும் அவள் நம்பியிருந்தது அந்த முற்றத்தைத்தான்.

தோன் தெமெத்ரியோ எழுந்தார். சொராய்தாவின் கையில் சுற்றியிருந்த ஈர நாடாவைப் பார்த்தார். காரின் மூக்கைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். பிறகு மணியை எடுத்து ஒருமுறை அடித்தார். முற்றம் நின்றது. தின்றுகொண்டிருந்தவர்களின் வாயும் நின்றது.

மேட்டையும் உருண்ட மோட்டோவையும் பிடித்துக்கொண்டால் நெசவாலைத் தெருவில் மணி தன் கையில் இருக்கும் என்பது பசீலியோவுக்குத் தெரியும். அபெலார்தோ கதையைத் தொடங்கிவிட்டார். அதைப் பசீலியோ முடித்தால் மட்டும் போதும். மெய்யைச் சொன்னால், கனத்தையும் தணலையும் பிரிக்கும் தூரத்தைத் தன்னை நம்பி ஒப்படைக்க முடியாது என்பதை ஊர்கூடிய இடத்தில் அவரே அறிவித்ததாகும். அலமாரியின் வெண்துணி காலியாகவே கிடக்கும். இது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அபெலார்தோ அவர் விலாவில் முழங்கையால் ஒருமுறை இடித்தார்.

"பசீலியோ," என்றார் முதியவர். "உன் கால் எங்க இருந்துச்சு?"

பசீலியோ தன் வலது காலைக் குனிந்து பார்த்தார்.

"தரையில, தோன் தெமெத்ரியோ."